டயாலிசிஸ் வார்டு வாசலில் நாவல் எழுத முடியுமா?

மேலவீதி (கேள்வி)

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்தால் அரைநாளுக்கு மேல் போய்விடுகிறது. மற்ற நாளில் அலுவலகம். நாவல் பாதியில் நிற்கிறது. கோப்பைத் திறந்தாலே முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க ஆரம்பித்து, நாலு கமாவைத் திருத்திவிட்டு மூடிவிடுகிறேன்.

கேட்க நினைப்பது இரண்டுதான். காத்திருக்கும் நேரத்தில் நாவலை நகர்த்தப் பார்ப்பதா, கொஞ்ச நாள் ஓரங்கட்டி வைப்பதா? இன்னொன்று, எழுதும்போது இருந்த குஷி போய்விட்டது. இதுவும் ஆஸ்பத்திரி பில், இன்ஷூரன்ஸ் ஃபாரம் மாதிரி இன்னொரு பாக்கி வேலையாகத் தெரிகிறது. 'மனசை லேசா வெச்சுக்கோங்க' ரகப் பதில் வேண்டாம். என்ன நோட்டு, எவ்வளவு நேரம், எதை எழுதுவது, எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நூல்கண்டு

நான்கு மணி நேரமும் உங்கள் கையில் இருப்பதாக நினைக்காதீர்கள். எடை பார்த்து, பி.பி. பார்த்து, ஊசி போட்டு மெஷினோடு இணைப்பதற்குள் முதல் அரைமணி போகும். முடியும்போது ஊசியை எடுத்து, துளையைப் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடித்து, மறுபடி எடை, பி.பி. மிச்சம் இருப்பது நடுப்பகுதிதான். அதிலும் பி.பி. இறங்குவது, வியர்த்துக் கொட்டுவது, காலில் சதை பிடித்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் பின்பாதியில் வரும். உடம்பிலிருந்து நீர் நிறைய இறங்கியிருக்கும் நேரம் அது. ஆகவே எழுத்துக்கு இரண்டாவது மணி நேரத்தை மட்டும் நம்புங்கள். அதற்கு மேல் கிடைத்தால் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்ளுங்கள், அதுவும் தேவைதான்.

அந்த ஒரு மணி நேரத்தில் புது அத்தியாயத்தைத் தொட வேண்டாம். நாவலின் ஒரு காட்சியை எழுத, யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எது தெரியும், போன காட்சி எந்தத் தொனியில் முடிந்தது என்று ஏழெட்டு விஷயங்களை ஒரே நேரத்தில் தலையில் ஏந்த வேண்டும். மெஷின் அலாரம் அடித்தால், 'அட்டெண்டர் யாருங்க' என்று நர்ஸ் எட்டிப் பார்த்தால், எல்லாம் சிதறும். திரும்ப அடுக்கவே இருபது நிமிடம் ஆகும். இரண்டு தடவை இப்படி ஆனால் 'எனக்கு எழுத வரலை' என்று மனசு முடிவு கட்டிவிடும். குறை திறமையில் இல்லை, எடுத்துக்கொண்ட வேலையின் அளவில்.

அங்கே துண்டு வேலைதான் சரிப்படும். ஒரு துண்டுக்கு 100 முதல் 150 சொல், கையெழுத்தில் ஒரு பக்கம். உதாரணத்துக்கு:

'சொன்னான்', 'கேட்டாள்' எதுவும் இல்லாமல் இரண்டு பேர் உரையாடல், பத்து வரி. யார் பேசுகிறார் என்பது பேச்சிலேயே தெரிய வேண்டும்.

நாவலில் வரும் ஒருவரின் கைப்பையில் என்னென்ன இருக்கும்? ஏழு பொருள். அதில் ஒன்று மட்டும் அவரிடம் இருக்கக்கூடாத பொருள்.

ஒரு வீட்டுக்குள் வாசலிலிருந்து கொல்லை வரை நடப்பது, ஐந்து வாக்கியத்தில், கண்ணால் பார்ப்பது எதையும் சொல்லாமல் வாசனையும் சத்தமும் மட்டும்.

இவை நாவலுக்குள் போகலாம், போகாமலும் இருக்கலாம். பாதியில் எழுந்து ஓடினாலும் இழப்பு ஒன்றுமில்லை என்பதுதான் முக்கியம். எழும்போது வாக்கியத்தை முடிக்காமலே விட்டு, கீழே 'அடுத்து:' என்று போட்டு மூன்று சொல் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே பேனாவை வைப்பது ஹெமிங்வே கடைப்பிடித்த வழக்கம். குறுக்கீடு நிறைந்த இடத்தில் அது கட்டாயம் என்றே சொல்வேன்.

நாவலை ஓரங்கட்டுங்கள், ஆனால் முறையாக. சும்மா விட்டால் திரும்பி வரும்போது அந்நியர் எழுதியது போல இருக்கும், அதனால்தான் ஒவ்வொரு முறையும் முதல் அத்தியாயத்துக்குப் போய்க் கமாவைத் திருத்துகிறீர்கள். ஒரு ஞாயிறு மூன்று மணி நேரம் ஒதுக்கி இதை முடியுங்கள். அத்தியாயத்துக்கு ஒரு பக்கம்: நாள், இடம், யார் யார், அத்தியாயம் முடியும்போது யாருக்கு என்ன தெரியும், எந்த முடிச்சு அவிழாமல் நிற்கிறது. தனியாக ஒரு தாளில் பாத்திரங்களின் வயது, உறவு, வீட்டின் வரைபடம், அவரவர் பேச்சில் மட்டும் வரும் சொற்கள் (ஒருத்தர் 'அங்கன' என்பார், இன்னொருத்தர் 'அங்கிட்டு' என்பார், மாறிப்போனால் வாசகருக்கு முதலில் உறுத்துவது அதுதான்). கடைசியாக, இனி எழுத வேண்டிய மூன்று காட்சிகள், காட்சிக்கு இரண்டு வரி. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டு, கம்ப்யூட்டரில் உள்ள நாவல் கோப்பின் பெயரில் 'திறக்காதே, குறிப்பைப் படி' என்று சேர்த்துவிடுங்கள். திரும்பும் நாளில் கடைசி அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கத்தைத் தவிர வேறு எதையும் படிக்கக் கூடாது.

தீபாவளி மலருக்கோ வேறு இதழுக்கோ ஒப்புக்கொண்டது இருந்தால் இப்போதே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மலருக்கான கதைகளை மாதக்கணக்கில் முன்னதாகவே சேர்ப்பார்கள். முன்கூட்டிச் சொன்னால் வருத்தப்படமாட்டார்கள், கடைசி வாரத்தில் சொன்னால்தான் கஷ்டம்.

---

ஈற்றடி

நூல்கண்டு சொன்ன துண்டு வேலை நல்லதுதான். ஆனாலும் அது நாவலுக்குச் சேவகம். குஷி வேண்டுமென்றால் நாவலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று வேண்டும், தோற்றாலும் யாருக்கும் தெரியாத விளையாட்டாக. தமிழில் எழுதுகிறவருக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: குறள் வெண்பா. கவிஞராக வேண்டாம், செய்யுள் அச்சேற வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்திருக்கும், அதனால் சுருக்கமாக. முதல் அடியில் நாலு சீர் (அடியில் உள்ள ஒவ்வொரு சொல் அலகும் ஒரு சீர்), இரண்டாவதில் மூன்று. சீர் அசைகளால் ஆனது, அசை இரண்டு வகை. குறிலோ நெடிலோ தனியாக வந்தால் நேர் (பக்கத்தில் ஒற்று, அதாவது புள்ளி எழுத்து, இருந்தாலும்). இரண்டு குறில், அல்லது குறிலை அடுத்து நெடில், சேர்ந்து வந்தால் நிரை. ஈரசையில் நேரில் முடிவது மா, நிரையில் முடிவது விளம். மூவசையில் நேரில் முடிவது காய். நிரையில் முடியும் கனி, வெண்பாவுக்குள் வரவே கூடாது. பிறகு தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி (மீறினால் 'தளை தட்டுகிறது' என்பார்கள்): மாவுக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், விளத்துக்கும் காய்க்கும் அடுத்தது நேரில். கடைசிச் சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்) என்ற நான்கு வாய்பாட்டில், அதாவது மாதிரிச் சொல்லில், ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

உங்கள் இடத்துக்கே ஒன்று:

ஊசி வலியோ ஒருநொடி, மீதமெல்லாம்
பேசிக் கழியும் பொழுது.

அலகிட்டு, அதாவது அசை பிரித்துப் பாருங்கள். ஊ-சி, தேமா (நேர் நேர்). அடுத்து வலி-யோ, புளிமா (நிரை நேர்). நிரையில் தொடங்குகிறது, சரி. ஒரு-நொடி, கருவிளம் (நிரை நிரை). விளத்துக்குப் பின் நேர் வேண்டும்: மீ-தமெல்-லாம், கூவிளங்காய் (நேர் நிரை நேர்). காய்க்குப் பின்னும் நேர்: பே-சிக், தேமா. கழி-யும், புளிமா. பொழுது, பிறப்பு வாய்பாடு. 'ஊசி', 'பேசி' இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'சி', எதுகை வந்துவிட்டது. இலக்கியமா என்று கேட்காதீர்கள், தளை தட்டவில்லை, அது போதும்.

புதியவர்கள் வழுக்கும் இடம் இரண்டு. மாச்சீருக்குப் பின் பழக்கதோஷத்தில் நெடிலில் தொடங்கும் சொல்லைப் போடுவார்கள்: 'வலியை ஏற்று' தட்டும், 'வலியைப் பொறுத்து' ஓடும். அடுத்தது காய்ச்சீருக்குப் பின் நிரை. மேலே 'மீதமெல்லாம்' முடிந்து 'பொழுது' என்று வந்திருந்தால் வெண்பாவுக்கு ஆகாத கலித்தளை ஆகிவிடும். தட்டினால் சொல்லை மாற்றுவதைவிட வரிசையை மாற்றிப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகும்.

இது ஏன் வேலை செய்கிறது? தளைக்குப் பொருந்தும் சொல்லைத் தேடும்போது தலையில் வேறு எதற்கும் இடம் இருக்காது. 'கிரியாட்டினின் எவ்வளவு வரும்' என்ற ரத்தப் பரிசோதனைக் கவலை ஒரு பத்து நிமிடமாவது வரிசையில் நிற்கும். சரியா தப்பா என்று கணக்குப் போலத் தெரிந்துவிடும். நாவலில் அந்தத் தெளிவு கிடைக்க வருடக்கணக்காகும். ஏழு சீரில் ஒன்று முடிந்தும்விடுகிறது. 'முடித்தேன்' என்ற உணர்வு இப்போது உங்களுக்கு அரிதான சரக்கு.

ஈற்றடியை வேறொருவர் தந்தால் இன்னும் சுவாரசியம். வீட்டில் யாராவது மூன்று சீர் சொல்லட்டும், நீங்கள் முதல் அடியைக் கட்டுங்கள். அம்மாவுக்கு இதில் ருசி உண்டென்றால் படுக்கையில் இருந்தபடியே அவர் ஈற்றடி கொடுக்கலாம், ஒரு கை அசையாமல் இருந்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது.

யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், ஒத்துவராது என்றால் உரைநடையிலேயே ஒரு விளையாட்டு. பழைய புலவர்கள் உதடு ஒட்டாமல், குவியாமல் இதழகல் பாடினார்கள். அதற்கு ப, ம, வ மட்டுமின்றி உ, ஊ, ஒ, ஓ, ஔ ஓசையும் ஆகாது. அத்தனை கடுமை வேண்டாம். ப, ம இரண்டு வரிசையையும் தவிர்த்து ஐந்து வாக்கியம் எழுதுங்கள். 'அம்மா', 'மருந்து', 'பி.பி.' மூன்றும் தானாகவே வெளியே நின்றுவிடும். 'போனான்' முடியாது, 'சென்றான்' ஆகும். 'வீட்டுக்கும் கடைக்கும்' என்று எழுத விடாது, 'உம்' மறைந்து வரும் உம்மைத்தொகையைத் தேட வைக்கும். வாக்கியம் புதுப் பக்கம் திரும்புவதைப் பார்க்கலாம்.

---

பிழைதிருத்தி

கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நோட்டு: ஏ5 அளவு, ஸ்பைரல், கெட்டி அட்டை. மடியில் வைத்து எழுத மேசை தேவைப்படாது. ஜெல் பேனா வேண்டாம். ஈரக் கையை வைத்தால் பக்கம் முழுக்க இழுகிவிடும். பென்சில் அல்லது பால்பாயின்ட். ஆஸ்பத்திரி ரசீதுகளை இதே நோட்டில் செருகாதீர்கள். ரசீது தேடத் திறக்கும் நோட்டு கணக்கு நோட்டாகிவிடும், கதைக்குத் திரும்பாது.

குரல் தட்டச்சு: போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக்கை அழுத்தினால் பேசுவது எழுத்தாகும். முதல் பிரதிக்குப் போதும். தகராறு எங்கே? ல, ள, ழ குழப்பம், ர, ற, ன, ண. நிறுத்தக்குறி பெரும்பாலும் விழாது. வட்டார வழக்கை அது தானாகவே 'திருத்தி'விடும்: 'போயிட்டு வாரேன்' என்றால் வேறொன்றாக நிற்கும். அன்றைக்கே, கேட்டது காதில் இருக்கும்போதே சரிபார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் என்ன சொன்னோம் என்று நமக்கே புரியாது. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் இரண்டு விநாடி நிறுத்துங்கள், பிரித்து எடுக்க உதவும். பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தால் உரையாடல் பகுதியைப் பேசாதீர்கள். 'அவனை இன்னிக்கே முடிச்சுரணும்' என்று டயாலிசிஸ் வார்டு வாசலில் சொன்னால் செக்யூரிட்டி வருவார்.

சிக்னல்: சில இடங்களில் டயாலிசிஸ் பிரிவு தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும். கூகுள் டாக்ஸில் எழுதுவதானால் அந்தக் கோப்புக்கு 'ஆஃப்லைன்' வசதியை வீட்டிலேயே போட்டுவிட்டு வாருங்கள். அங்கே போய்த் திறக்கப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், இருக்கும் மனநிலையும் கெடும். இல்லையென்றால் போனோடு வரும் குறிப்புச் செயலியே போதும்.

புதிதாக விசைப்பலகை கற்க இது நேரமில்லை. தமிழ்99 நல்ல அமைப்புதான், ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும், விரல் மிச்சம். ஆனால் பழக வாரங்கள் ஆகும். இப்போது எது கைக்கு வருமோ அதில் அடியுங்கள்.

---

மேலவீதி

நன்றி. ஃபைல் யோசனையை வரும் ஞாயிறு செய்கிறேன். வெண்பா பக்கம் போய்ப் பல காலம் ஆகிறது, முயல்கிறேன். இரண்டு சந்தேகம். தினம் இத்தனை சொல் என்று இலக்கு வைத்துக்கொள்வது உதவுமா? மனசில் ஓடுவதை அப்படியே கொட்டி எழுதச் சொல்கிறார்களே, அது சரிதானா? வீட்டில் நோட்டை யாராவது எடுத்துப் படித்தால் என்ன செய்வது என்றும் யோசனையாக இருக்கிறது.

---

தெற்கு ஜன்னல்

தினசரி இலக்கு இப்போது வேண்டாம் என்பேன். அதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஆந்தனி ட்ராலப். இங்கிலாந்தில் தபால் துறை அதிகாரி, விடிகாலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதி நாவல்களைக் குவித்தவர். உண்மைதான். அவரைத் தினமும் எழுப்பிக் காபி கொண்டுவந்து கொடுக்க ஒரு வேலையாள் இருந்தார், வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதல் சம்பளத்தில் என்பதையும் ட்ராலப்பே எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நீங்கள் இப்போது அந்த வேலையாளின் இடத்தில் இருக்கிறீர்கள்.

இன்னொரு பக்கம் காஃப்காவைக் காட்டுவார்கள். பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் காலை எட்டிலிருந்து இரண்டு வரை வேலை, 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறுக்குள் ஒரு கதையை ஒரே மூச்சில் முடித்தார். அதையும் பின்பற்ற வேண்டாம். மறுநாள் ஒருவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றி இறக்க வேண்டியவர் இரவு முழுக்கக் கண்விழிக்க முடியாது. நமக்குப் பக்கத்து உதாரணம் அசோகமித்திரன். தி. நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இடத்தை. வீடும் இல்லாமல், வார்டும் இல்லாமல், வாரத்தில் ஒரு தடவை முக்கால் மணி நேரம் உட்கார ஒரு பெஞ்ச் கண்டுபிடியுங்கள். ஆஸ்பத்திரி கான்டீனின் கடைசி மேசையாகக்கூட இருக்கலாம். அம்மாவை அந்த நேரம் பார்த்துக்கொள்ள ஒருவரிடம் நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். 'முடிஞ்சா வாங்க' என்றால் யாரும் வரமாட்டார்கள். 'வியாழன் நாலு மணிக்கு' என்றால் வருவார்கள்.

எண்ணியே தீர வேண்டுமென்றால் சொல்லை எண்ணாமல், உட்கார்ந்ததை எண்ணுங்கள். ஐந்து நிமிடம் நோட்டைத் திறந்தாலும் காலண்டரில் ஒரு புள்ளி.

கொட்டி எழுதுவது பற்றி: இது ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இருவர் 1986-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை அழுத்தும் விஷயத்தை நடந்ததும் உணர்ந்ததும் சேர்த்து எழுதுவது. அடுத்த மாதங்களில் அப்படி எழுதியவர்கள் டாக்டரிடம் போவது குறைந்தது, ஆனால் எழுதி முடித்த உடனே மனநிலை இன்னும் இறங்கியிருந்தது. பலரும் மறைத்துவிடும் பகுதி அதுதான். பின்னால் வந்த பல ஆய்வுகளில் பலன் சிறிய அளவில்தான் தெரிந்தது. ஆகவே செய்வதானால் இரவு படுக்கும் முன் வேண்டாம், வார்டு வாசலிலும் வேண்டாம். எழுதிய பின் அரைமணி நடக்கவோ பேசவோ வாய்ப்புள்ள நேரத்தில் செய்யுங்கள். நான்கு நாளோடு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் ஒரே புலம்பலை எழுதினால் அது பள்ளமாகிவிடும். அதைக் கதை என்று நினைத்துப் பத்திரப்படுத்தவும் வேண்டாம். இப்போது நடப்பது கதையாக எத்தனையோ வருடம் ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

எனக்குப் பிடித்த வழி கடிதம். கி. ராஜநாராயணன், வண்ணதாசன் கடிதங்கள் புத்தகங்களாகவே வந்திருக்கின்றன. படித்தால் தெரியும், கதையில் வைக்க இடமில்லாத வேடிக்கையெல்லாம் அங்கே இருக்கிறது. இன்லண்ட் லெட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடம் குறைவு, மடித்து ஒட்டினால் திருத்த முடியாது, அனுப்பினால் கையை விட்டுப் போயிற்று. விதி ஒன்றுதான்: நோயைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் கூடாது. மீதி, அன்றைக்குக் கண்ணில் பட்ட ஒரு ஆளைப் பற்றி. டோக்கன் கொடுக்கிறவர் எப்படிப் பேனாவைக் காதில் செருகுகிறார், டீ ஆற்றுகிறவர் எந்தக் கணத்தில் நிறுத்துகிறார் என்று. பார்வை மழுங்காமல் இருக்க இதைவிட எளிய பயிற்சி கிடையாது.

ஒன்று தனியாக: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் ஒட்டாமல் போனால் அது எழுத்துப் பிரச்சினை இல்லை. டாக்டரைப் பாருங்கள், அல்லது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையிடம் 14416 எண்ணில் பேசுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.

---

நூல்கண்டு

நோட்டு விஷயம். கொட்டி எழுதியதைத் தனித்தாளில் எழுதி, நான்காம் நாள் கிழித்துப் போடுங்கள், வைத்திருந்தால்தான் பிரச்சினை. துண்டு வேலை நோட்டில் முதல் வரியிலேயே பெயரையும் உறவையும் மாற்றிவிடுங்கள். அண்ணியைப் பற்றி எழுத வந்தால் அவரைப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் ஆக்குங்கள். பாதுகாப்புக்காகச் சொன்னாலும் கதைக்கும் நல்லது: தாசில்தார் அண்ணி செய்யாததையெல்லாம் செய்ய ஆரம்பிப்பார்.

ஈற்றடிக்கு: ப, ம தவிர்த்து ஐந்து வாக்கியம் முயன்றேன். 'ஏன்' விகுதியில் ஓடும் தன்மை ஒருமை சௌகரியம், 'நாம்' கதை சொன்னால் முதல் சொல்லிலேயே மாட்டுகிறது. எதிர்காலத்தில் 'படிப்பான்', 'கேட்பாள்' எல்லாம் போய்விடுகிறது. இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டும் போல.

---

ஈற்றடி

'செய்வான்', 'சொல்வாள்' இருக்கிறதே. வகர எதிர்காலம் எடுக்கும் வினைகளாகப் பொறுக்குங்கள். மேலவீதி, உங்களுக்கு ஒரு ஈற்றடி தருகிறேன்: 'வாசலில் நிற்கும் வெயில்'. 'வெயில்' மலர் வாய்பாடு. ஆனால் இதில் ஒரு தளை தட்டுகிறதா என்று முதலில் சரிபார்த்துவிட்டு, பிறகு முதல் அடியைக் கட்டுங்கள்.